கூட்டத்தில் தலையாட்டியவர்கள் ஏன் மாறவில்லை?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் காலை எல்லோரையும் பெரிய ஹாலுக்கு வரச் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கணக்கும் புதிய சாஃப்ட்வேரில்தான் என்று அறிவிப்பு. நாற்பது ஸ்லைடு ஓடியது. கடைசி ஸ்லைடில் ‘சந்தேகம் ஏதாவது உண்டா?’ என்று இருந்தது. ஒருவருக்கும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் பழைய எக்செல் ஃபைல் பத்திரமாக இருந்தது. உண்மையான கணக்கு அதில்தான். மாதக் கடைசியில் ஒரு மாலை உட்கார்ந்து அதை அப்படியே புதிய சாஃப்ட்வேரில் ஏற்றிவிடுவோம். மேலிடத்துக்குப் போன அறிக்கையிலோ, அனைவரும் புதிய முறைக்கு மாறிவிட்டதாக இருந்தது.

அந்த ஹாலில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதையும் முடிவு செய்யவும் இல்லை. வேறு யாரோ எடுத்த முடிவைக் காதில் வாங்கிக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினோம், அவ்வளவுதான்.

நிறுவன மாற்றம் என்று புத்தகங்கள் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் தன் வேலையைச் செய்யும் விதத்தை மாற்றிக்கொள்வது. புதிய இயந்திரம் வரலாம், இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கலாம், ஷிஃப்ட் நேரம் மாறலாம். காகிதத்தில் இதெல்லாம் ஒரு நாள் வேலை. ஆட்கள் மாறத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் பார்ப்பார்கள். ஒன்று, எல்லோரையும் கூட்டி விளக்குவது. இன்னொன்று, மேலாளர்களைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவது. விளக்குவதும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆனால் ஆட்கள் அன்றாடம் சேர்ந்து வேலை செய்யும் குழுவைத் தொடாமல் இவற்றைச் செய்தால் பணமும் நேரமும்தான் போகும் என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்கலாம்.

3-க்கும் 32-க்கும் நடுவில்

இந்தத் துறையில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒருவர் இருப்பார்: குர்ட் லெவின். 1890-இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, ஜெர்மனியில் உளவியல் படித்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது அந்த நாட்டு அரசுக்கு இறைச்சித் தட்டுப்பாடு பற்றிய கவலை இருந்தது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளில் சத்து உண்டு, விலையும் குறைவு. ஆனால் பல வீடுகளில் அதற்கு முகம் சுளித்தார்கள். இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி.

தன்னார்வலர்களாக வந்த இல்லத்தரசிகளை ஆறு குழுக்களாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் 13 முதல் 17 பேர். மூன்று குழுக்களுக்கு நல்ல பேச்சாளர் சுவாரசியமாக உரையாற்றினார். சத்து, போர், சிக்கனம் எல்லாம் சொல்லி, சமையல் குறிப்பையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். மற்ற மூன்று குழுக்களில் உரை இல்லை. ‘நம்மைப் போன்றவர்கள் இதை வாங்கத் தயங்குவது ஏன்?’ என்று பேச விட்டார்கள். சமைக்கும்போது வரும் வாடை, கணவருக்குப் பிடிக்காது என்பது, இப்படிக் காரணங்கள் அவர்கள் வாயாலேயே வந்தன. அவர்களே கேட்கும் நிலை வந்த பிறகுதான் சமையல் குறிப்பு வந்தது. கடைசியில், வரும் வாரம் யாரெல்லாம் முயன்று பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். கை உயர்த்தினார்கள். இரண்டு வகைக் குழுக்களுக்கும் ஆனது அதே 45 நிமிடம்தான்.

பிறகு விசாரித்ததில், உரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்திருந்தார்கள். கலந்து பேசிய குழுக்களில் இருந்தவர்களில் 32 சதவீதம் பேர்.

ஆராய்ச்சி என்ற அளவில் இதில் ஓட்டைகள் உண்டு. ஆட்கள் குறைவு. ‘பிறகு வந்து கேட்போம்’ என்று கலந்து பேசிய குழுக்களிடம் மட்டுமே சொல்லியிருந்தார்கள். அதனால் பேச்சு, முடிவு, கை உயர்த்தியது, யாரோ வந்து கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. நிறுவனத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த நான்கும் சேர்ந்தே வேண்டும்.

லெவின் இதிலிருந்து எடுத்துக்கொண்ட கருத்து, முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்: தனித்தனி ஆளாக மாற்றுவதைவிட, சேர்ந்திருக்கும் குழுவாக மாற்றுவது சுலபம். நாம் நினைப்பது நேர் எதிராக அல்லவா இருக்கும்? ஒருவரை மாற்றுவதே இந்தப் பாடு, பதினைந்து பேரை எப்படி என்று. ஆனால் அந்த ஒருவரை இழுத்துப் பிடித்திருப்பதே மற்றப் பதினான்கு பேர்தான் என்றால்?

பைஜாமா தைத்த தொழிற்சாலை

அந்தப் பதினான்கு பேர் எப்படி இழுத்துப் பிடிக்கிறார்கள் என்பது ஓரிடத்தில் எண்களாகவே பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் ஆலை அது. பைஜாமா தைக்கிற இடம், செய்த அளவுக்குக் கூலி. மணிக்கு 60 யூனிட் என்பது எதிர்பார்க்கப்படும் அளவு. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்சு என்ற இருவர் செய்த ஆய்வு 1948-இல் வெளிவந்தது.

ஆலையின் தலைவலி இது. ஃபேஷன் மாறும், வேலை மாறும், தொழிலாளர்களை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டிவரும். மாற்றினால் வருமானம் விழக்கூடாது என்று தனி போனஸும் கொடுத்தார்கள். அப்படியும் மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் பழைய 60-க்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் கீழேயே தங்கினார்கள், அல்லது வேலையை விட்டுப் போனார்கள். அனுபவசாலிகள் புதிய வேலையைப் பழகிக்கொள்ள, புதிதாய்ச் சேர்ந்தவர்களைவிட அதிக நாள் ஆனது. திறமைக் குறைவு, பணக் குறைவு என்று இதை விளக்க முடியாது.

அயர்ன் செய்கிற பிரிவில் ஒரு பெண்ணின் கதையை அந்த ஆய்வில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். புதிதாக மாற்றப்பட்டு வந்தவர். குழுவின் வேகம் மணிக்கு 50 அளவில் இருந்தது. இவர் பத்துப் பன்னிரண்டு நாளில் அதைத் தாண்டி, 60-ஐ நெருங்கினார். உடனே மற்றவர்கள் இவரை வறுத்தெடுக்க ஆரம்பித்தார்கள். அவருடைய வேகம் மெல்ல இறங்கி 45-க்கு வந்தது. அவர் வந்து இருபது நாள் ஆனபின் வேறு ஏதோ காரணத்துக்காக அந்தக் குழுவைக் கலைத்து, மற்றவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இவர் மட்டும் தனியாக நின்றார். நான்கே நாளில் 96. அதன்பின் 92 அளவில் நிலைத்தது.

அதே கை, அதே அயர்ன் பாக்ஸ், அதே கூலி. இவருக்கு ஒரு ஊக்கப் பேச்சு ஏற்பாடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வேலைமுறையில் சிறு மாற்றம், அதை வெவ்வேறு விதமாகக் கொண்டுவருவது. முதல் குழு 18 அயர்ன் தொழிலாளர்கள். மடித்த துணியை அட்டை மேல் அடுக்குவதற்குப் பதிலாக இனி அதே இடத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். கூட்டம் போட்டார்கள், போட்டி அதிகரித்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள், புதிய கூலிக் கணக்கை விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். என் அலுவலகத்தின் நாற்பது ஸ்லைடைவிட மரியாதையான கூட்டம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் குழுவில் 13 பேர். இவர்களிடம் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு உடைகளைக் காட்டினார்கள். ஒன்று முந்தைய வருடம் தைத்தது, மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு விலைக்குப் போனது. எது மலிவானது, கண்டுபிடியுங்கள் என்றார்கள். முடியவில்லை. செலவைக் குறைத்தாக வேண்டும் என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலையை எப்படி மாற்றுவது, கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று நிர்வாகத்தோடு உட்கார இந்தக் குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம், நான்காம் குழுக்கள் சிறியவை, எட்டுப் பேரும் ஏழு பேரும். அங்கே பிரதிநிதி கிடையாது. எல்லோருமே உட்கார்ந்து புதிய முறையை வடிவமைத்தார்கள். யோசனைகள் வந்த வேகத்தில், குறிப்பெடுத்த சுருக்கெழுத்தாளர் திணறிப்போனார் என்று ஆய்வில் எழுதியிருக்கிறது.

முதல் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. சண்டை, புகார், வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது, எல்லாம் வந்தது. நாற்பது நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். பிரதிநிதிகள் கலந்துகொண்ட குழு 14 நாளில் 61-ஐத் தொட்டது. எல்லோரும் கலந்துகொண்ட இரு குழுக்கள் இரண்டாம் நாளே பழைய அளவுக்கு வந்து, பிறகு அதற்கும் மேலே சுமார் 14 சதவீதம் போனார்கள். பின்னால் வந்த மூன்று குழுக்களிலும் அந்த நாற்பது நாளில் ஒருவரும் விலகவில்லை. பிரதிநிதிகளாகப் போனவர்கள் புதிய முறையைப் பற்றிப் பேசும்போது ‘எங்கள் வேலை’, ‘எங்கள் கூலிக் கணக்கு’ என்றே பேசினார்களாம். எண்களைவிட எனக்கு இந்த ‘எங்கள்’தான் முக்கியமாகப் படுகிறது.

தள்ளுவதா, தடையை எடுப்பதா

சரி, நம் இடத்தில் இதை எப்படிச் செய்வது? லெவின் விட்டுப்போன கருவிகளில் ஒன்று இன்றும் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு எளிமையானது. விசைக்கள ஆய்வு என்று பெயர். இப்போது வேலை எப்படி நடக்கிறதோ, அது ஒரு சமநிலை. சில விசைகள் மாற்றத்தை நோக்கித் தள்ளுகின்றன, சில விசைகள் தடுக்கின்றன. பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் தள்ளுபவற்றையும் மறுபக்கம் தடுப்பவற்றையும் குழுவே எழுத வேண்டும்.

ஓர் உதாரணம். இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு குழு, ஷிஃப்ட் மாறும்போது ஒரு நோட்டில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறது. இனி டேப்லெட்டில்தான் பதிய வேண்டும் என்கிறார்கள். நிர்வாகத்தின் பக்கம் காரணங்கள் ஏராளம்: தேடலாம், கணக்கெடுக்கலாம், எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனாலும் யாரும் பதிவதில்லை. வழக்கமான எதிர்வினை, இன்னும் அழுத்துவது. நினைவூட்டும் மெயில், பதியாதவர் பட்டியல், அப்புறம் எச்சரிக்கை. இப்படித் தள்ளத் தள்ள எதிர்ப்பக்கமும் இறுகும். நிலைமை நகராது, பதற்றம் மட்டும் ஏறும் என்பார் லெவின்.

குழுவை உட்காரவைத்து, தடுப்பவற்றின் பக்கத்தை நிரப்பச் சொன்னால் முதலில் சின்னச் சின்ன விஷயங்கள் வரும். கையுறை போட்டால் திரை வேலை செய்வதில்லை. பாஸ்வேர்டு அடிக்கடி மாறுகிறது. சார்ஜர் இரண்டு மாடி தள்ளி இருக்கிறது. இவற்றை ஒரே வாரத்தில் சரி செய்துவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சு ஓய்ந்த இடத்தில், யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: “சார், நோட்டுல எழுதினா எழுத்து மட்டும்தான் இருக்கும். இதுல என் பேரும் நேரமும் சேர்ந்து ஏறுது. நாளைக்கு மெஷின் நின்னா, கடைசியா தொட்டவன் நான்தான்னு ஆயிடும்.”

இதைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. சர்வே அனுப்பினால் ‘திரை சிறியதாக இருக்கிறது’ என்றுதான் எழுதுவார்கள். ஒருவர் வாயைத் திறந்ததும் நான்கு தலைகள் ஆமாம் என்று அசையும்போதுதான், பிரச்சினை டேப்லெட்டில் இல்லை, பழிபோடும் பழக்கத்தில் இருக்கிறது என்று தெரியவரும். அதற்குப் பிறகு என்ன முடிவெடுப்பார்கள் என்பது அந்தந்தக் குழுவைப் பொறுத்தது. பெயருக்குப் பதில் ஷிஃப்ட்டின் எண் போதும் என்று ஆகலாம். பழுதை முதலில் பதிந்தவர்மேல் நடவடிக்கை இல்லை என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்கலாம்.

லெவின் பெயரில் இன்னொன்றையும் எல்லோரும் சொல்வார்கள்: உருக்கு, நகர்த்து, உறையவை. பழைய பழக்கத்தை இளக்குவது, புதியதற்கு நகர்வது, அதை நிலைநிறுத்துவது. 1947-இல் வெளிவந்தது. ஸ்லைடுகளில் மூன்று பெட்டியாகப் போட்டுப்போட்டு அதன் உயிரே போய்விட்டது. அதில் கவனிக்க வேண்டியது, உருகுவதும் உறைவதும் குழு என்ற பாத்திரத்துக்குள் நடப்பவை என்பதுதான்.

குழுவை உட்காரவைப்பது

‘மீட்டிங்தானே, அது தினமும் நடக்கிறதே’ என்று தோன்றலாம். மீட்டிங்கில் பெரும்பாலும் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். குழு முறைகள் என்று சொல்லப்படுபவற்றில் பாதி, இந்த ஒரு நோய்க்கான மருந்துகள்தாம். என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது, பேச்சு தொடங்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக ஆளுக்கொரு தாளில் எழுதுவது. எழுதியதை வரிசையாக ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவரின் கருத்தும் பலகைக்கு வந்துவிடும், முதலில் பேசியவர் போட்ட பாதையிலேயே எல்லோரும் போவதும் குறையும். மேலாளர் கடைசியாகப் பேச வேண்டும். அவர் முதலில் வாய் திறந்தால் அது கருத்து அல்ல, உத்தரவு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படித்தான் காதில் விழும்.

ஆட்கள் பன்னிரண்டுக்கு மேல் போனால் பிரித்துவிடுவது நல்லது. இன்னொன்று, எது முடிவாகிவிட்டது, எது இந்த அறையில் முடிவாகப் போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘டேப்லெட் வருவது உறுதி. எதைப் பதிவது, எப்போது பதிவது, யார் பார்ப்பது என்பது உங்கள் கையில்.’ இப்படிச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எல்லாம் திறந்திருப்பதுபோலக் காட்டிவிட்டுக் கடைசியில் மூடினால்தான் கோபம் வரும். கலையும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் என்பதை அவரவர் வாயால் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்கள் அதே அறையில் மறுபடி கூட வேண்டும். அந்த இரண்டாவது கூட்டம்தான் பெரும்பாலும் நடக்காமல் போவது.

மேலாளர் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது

தலைமைப் பயிற்சியின் இன்றைய உருவத்துக்கு ஒரு தற்செயலான பிறந்தநாள் உண்டு. 1946 கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில் லெவினும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். பகலில் குழுக்கள் பேசும். மாலையில் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் கூடி, இன்று யார் எப்படி நடந்துகொண்டார் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். ஒரு மாலை, பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார்கள். லெவின் சரி என்றார். தன்னைப் பற்றிய குறிப்பை வாசிக்கக் கேட்ட ஒரு பெண், ‘நடந்தது அப்படி இல்லை’ என்று குறுக்கிட்டார். வாக்குவாதம் சூடு பிடித்தது. அடுத்த மாலைகளில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. பகலில் கற்றதைவிட, தாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை அடுத்தவர் வாயால் கேட்டதிலிருந்து அதிகம் கற்றார்கள். இன்று எல்லா அலுவலகத்திலும் புழங்கும் ஃபீட்பேக் என்ற சொல் இந்த அர்த்தத்தில் ஆட்களிடையே பரவ இந்த முகாமுக்கும் பெரிய பங்கு உண்டு. லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கோடையிலேயே மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில் அவருடைய சகாக்கள் இதை ஒரு பயிற்சி முறையாகவே தொடங்கினார்கள்.

இந்த முறையின் சிக்கலும் அதிலேயே இருந்தது. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எங்கோ தொலைவில் கூடி, மனம் திறந்து பேசி, கண் கலங்கி, புது ஆளாக ஊர் திரும்புவார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் அதே ஆட்கள், அதே டெட்லைன்.

1950களின் தொடக்கத்தில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் ஃப்ளைஷ்மன் இதை அளந்தே பார்த்தார். ஒரு பெரிய இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்தின் ஃபோர்மேன்களுக்கு மனித உறவுப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு கேட்டால், தொழிலாளர்களிடம் கனிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தது. ஆலைக்குத் திரும்பியபின் பார்த்தால் அது கரைந்துவிட்டிருந்தது. ஃபோர்மேன் எப்படி நடக்கிறார் என்பதைத் தீர்மானித்தது பயிற்சி அல்ல. அவருக்கு மேலே இருந்த அதிகாரி அவரை எப்படி நடத்துகிறார் என்பது. மேலதிகாரி விரட்டினால் ஃபோர்மேனும் விரட்டினார்.

ஹார்வுட்டில் அந்தப் பெண்ணின் வேகத்தை 45-க்கு இறக்கிய அதே வேலைதான் இங்கேயும் நடந்திருக்கிறது. மேலாளரும் ஒரு குழுவின் உறுப்பினர்; அவருடைய குழு, மற்ற மேலாளர்களும் அவர்களுக்கு மேலே இருப்பவரும். அவரை மட்டும் பிடுங்கியெடுத்துக் கழுவி மறுபடி அதே இடத்தில் நட்டால், அந்த மண்ணுக்கு ஏற்றபடிதான் வளர்வார்.

அதனால் தலைமைப் பயிற்சியை வேலைக்குள்ளேயே வைக்கும் வழிகளைத் தேடினார்கள். இங்கிலாந்தின் ரெக் ரெவன்ஸ் உருவாக்கிய செயல்வழிக் கற்றல் அவற்றில் எனக்குப் பிடித்தது. போருக்குப் பிறகு நிலக்கரிச் சுரங்க நிர்வாகத்தில் இருந்தவர். அவர் வழியில் ஐந்தாறு மேலாளர்கள் சேர்ந்து ஒரு வட்டம். ஒவ்வொருவரும் தன் கையில் உள்ள, இன்னும் தீராத ஒரு நிஜப் பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். ‘இதை யார் யாரிடம் பேசிப் பார்த்தீர்கள்?’, ‘இப்படியே இருப்பதால் யாருக்கு லாபம்?’ போகும்போது ஒரு செயலோடு போக வேண்டும், அடுத்த முறை என்ன ஆயிற்று என்று வந்து சொல்ல வேண்டும். அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் தடவை நான் கேட்ட கேள்விகளில் பாதி, கேள்விக்குறி போட்ட அறிவுரைகள்.

சரி, இந்தப் பயிற்சியிலிருந்து ஒரு தலைவர் எதைக் கொண்டுபோக வேண்டும்? கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருக்கும் திறமையை முதலில் சொல்வேன். கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் முகம் மாறாமல் இருப்பதையும். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்துக் குழம்பினார். பிறகுதான் காரணம் பிடிபட்டது: அங்கே தவறை வெளியே சொல்லப் பயம் இல்லை. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். டேப்லெட்டைத் தொடப் பயந்த அந்தக் குழுவும் அந்த மற்ற இடங்களைச் சேர்ந்ததுதான்.

லெவினும் சகாக்களும் 1930களின் கடைசியில் பத்து வயதுச் சிறுவர்களின் பொழுதுபோக்குக் குழுக்களில் கண்டது ஒன்றும் இங்கே பொருந்தும். கண்டிப்பான தலைவர் அறையில் இருந்தபோது பையன்கள் மும்முரமாக வேலை செய்தார்கள். அவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய தலைவரின் குழுவிலோ அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. ஒரு மேலாளரின் பயிற்சி எந்த அளவுக்கு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அவர் விடுப்பில் போன வாரம் போய்ப் பார்க்கலாம்.

கலந்து பேசுவதுபோல நடிப்பது

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘இனி எல்லாவற்றையும் குழுவிடம் கேட்டுவிடலாம்’ என்று கிளம்பினால் அதுவும் சரிவராது. ஹார்வுட் சோதனையைப் போன்ற ஒன்றை நார்வேயின் ஒரு ஷூ ஆலையில் செய்து 1960-இல் வெளியிட்டார்கள். அதே ஃபிரெஞ்சும் அதில் இருந்தார். அங்கே உற்பத்தியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. கேட்கப்பட்ட விஷயங்கள் வேலையின் மையத்தைத் தொடவில்லை; அத்தோடு, இப்படி நேராகக் கலந்து பேசுவதைவிடத் தொழிற்சங்கம் வழியாகப் பேசுவதே முறை என்று பலர் நினைத்தார்கள். யார் எதில் முடிவெடுப்பது நியாயம் என்பதில் ஆட்களுக்கு ஒரு கருத்து இருக்கும். அதை மீறிக் கொடுக்கும் ‘பங்கேற்பு’ பங்கேற்பாகவே தெரியாது.

முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதுபோல நடிப்பது இதைவிட மோசம். அதை ஆட்கள் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த முறை உண்மையாகவே கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். முடிவாகிவிட்டது என்றால் முடிவாகிவிட்டது என்று சொல்வதுதான் கௌரவம். ஆட்குறைப்பு போன்ற விஷயத்தில் ஸ்டிக்கி நோட் ஒட்டும் விளையாட்டு நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றி இங்கே வேண்டாம்.

குழுவுக்கும் ஒரு நோய் உண்டு. இர்விங் ஜேனிஸ் 1972-இல் அதை விளக்கி எழுதினார்: ஒட்டுறவு மிக அதிகமான குழுவில் ஒற்றுமையைக் குலைக்கக்கூடாது என்ற நினைப்பே சந்தேகங்களை விழுங்கிவிடும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு ‘இது ஏன் தோற்கும்’ என்று மட்டும் பேசும் வேலையைக் கொடுப்பது ஓரளவுக்கு உதவும். ஒரே ஆளுக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடக்கூடாது. சில நாளில் அவரை எல்லோரும் ‘எப்போதும் குறை சொல்பவர்’ ஆக்கிவிடுவார்கள்.

ஹார்வுட்டின் முதல் குழுவை, அந்தப் பெட்டிக்குள் துணி அடுக்கச் சொல்லப்பட்டவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பதினெட்டுப் பேரில் எஞ்சிய 13 பேரையும் வேறு வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். சுமார் இரண்டரை மாதம் கழித்து அவர்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, வேறொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை மூன்றாம், நான்காம் குழுக்களைப்போல எல்லோரையும் உட்காரவைத்து, அவர்களையே அந்த வேலையை வடிவமைக்கவைத்தார்கள். முன்பு சண்டை போட்டு, வேண்டுமென்றே மெதுவாகச் செய்த அதே ஆட்கள் சீக்கிரமே பழைய வேகத்துக்கு வந்து, அதைத் தாண்டியும் போனார்கள். மாற்றம் நடந்தபின் கவனித்த பத்தொன்பது நாளில் ஒரு சண்டை இல்லை, ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.